ஹீட்டர் லைனில் காணாமல் போன 11 வோல்ட்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், கட்டி 14 ஆண்டுகளான மாடி வீடு. மாடிக் குளியலறையில் 15 லிட்டர் ஹீட்டர். அதன் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று பொறித்திருக்கிறது. கீழ்த்தளத்தில் வீட்டு லைன்கள் பிரியும் டி.பி. பெட்டியில், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று இந்த லைனுக்கு. வீடு முழுவதற்கும், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உண்டு.

கார்த்திகை மாதத்தில் வந்த முதல் புகார், தண்ணீர் சூடாக நேரமாகிறது என்பது. சர்வீஸ் செய்ய வந்தவர் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றிப் புதியது போட்டார். கழற்றிய காயிலின் தடையை யாரும் அளக்கவில்லை. பத்து நாள் கழித்து 16 ஆம்பியர் சாக்கெட்டில் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் பக்கம்) துளை உருகியது. சாக்கெட்டை மாற்றினார்கள், ப்ளக் டாப் பழையதே இருந்தது. ஆறு வாரத்தில் புதிய சாக்கெட்டும் அதே துளையில் உருகியது.

மறுபடியும் சாக்கெட்டை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்தார், எரிந்தது. டெஸ்ட் லேம்ப் மாட்டினார், பளிச்சென்று எரிந்தது. லைனை அணைத்துவிட்டு நியூட்ரல் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தார், பீப் ஒலித்தது. ஹீட்டர் ஓடும்போது அதன் டெர்மினலில் 218 வோல்ட் இருப்பதைக் கண்டு, வோல்டேஜ் குறைவுதான் காரணம், ஸ்டெபிலைசர் வையுங்கள் என்று சொல்லிப் போனார். வாங்குவதற்கு முன் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று வீட்டார் நினைத்தார்கள். அவர்கள் அழைத்த அடுத்த எலக்ட்ரீஷியனும் அவருடன் வந்த உதவியாளரும் செய்த வேலையே இங்கே பதிவாகிறது.

வந்ததும் கவனித்தவை

ப்ளக் டாப்பின் மூன்று பின்களில் நியூட்ரல் பின் மட்டும் கறுத்து, மேற்பரப்பில் சிறு குழிகள் விழுந்திருந்தன. ஃபேஸ் பின் மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒன்று மட்டும் கறுத்தால் லோடு அதிகம் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துத் தொடுபரப்பில்தான் கோளாறு.

வீட்டு அம்மா சொன்ன ஒரு வாக்கியம் இதற்கு முன் யார் காதிலும் ஏறவில்லை: “ஹீட்டர் போட்டா சில நாள் பாத்ரூம் லைட்டு மினுக்குதுங்க.” லைட்டுக்குத் தனி எம்.சி.பி. இருக்கிறது. ஹீட்டர் ஓடும்போது லைட் மினுக்கினால் இரண்டுக்கும் எங்கோ ஒரு பொது இடம் இருக்க வேண்டும். ஃபேஸ் தனித்தனி என்பதால் அது நியூட்ரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாடிப்படிக்கு மேலே, வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸின் மூடி ஒரு மூலையில் லேசாகப் பழுத்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

காயில் நல்லதா என்று பார்த்தது

சந்தேகம் காயில் மேல் தொடங்கியதால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டார்கள். தகட்டில் உள்ளபடி தடை என்னவாக இருக்க வேண்டும்? வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். எம்.சி.பி.யை அணைத்து, ப்ளக்கை உருவி, ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் 26.5 ஓம் காட்டியது. மீட்டர் முனைகளைத் தம்முள் தொட்டால் 0.3 ஓம், கழித்தால் 26.2. நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் மிகக் கொஞ்சமே ஏறும். அதனால் ஹீட்டர் காயிலைக் குளிர்ந்த நிலையில் அளந்த அளவையே நம்பலாம். குண்டு பல்புக்கு இது பொருந்தாது. அதன் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது காட்டும் தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

பிறகு ஹீட்டரை ஓட்டி அளந்தார்கள். வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை டி.பி.யில் ஃபேஸ் வயரை மட்டும் சுற்றி மாட்டினார்கள். உதவியாளர் முதலில் ஹீட்டரின் முழுக் கார்டையும் சேர்த்துக் கவ்வியபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அப்படித்தான் காட்டும். ஃபேஸ் வயரில் 8.3 ஆம்பியர். ஹீட்டர் டெர்மினலில் 218 வோல்ட்.

தடை: 218 ÷ 8.3 = 26.3 ஓம்.
மின்திறன்: 218 × 8.3 = 1809 வாட்.

குளிர்ந்த அளவு 26.2, ஓடும் அளவு 26.3, தகட்டுக் கணக்கு 26.45. மூன்றும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. 200 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 302 என்ற இந்தியத் தரம் தகட்டு வாட்டிலிருந்து 5 சதவீதம் கூடுதலையும் 10 சதவீதம் குறைவையும் அனுமதிக்கிறது. காயிலில் ஒரு குறையும் இல்லை. வாட் குறைவதற்குக் காரணம் அதற்குக் கிடைக்கும் வோல்ட் குறைவது.

இந்தக் கணக்கு ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற வெறும் தடைகளுக்குத்தான் இவ்வளவு நேராகச் செல்லும். உதவியாளர் அதே வீட்டின் 1 ஹெச்.பி. மோட்டாருக்கும் போட்டுப் பார்த்தார்: 230 வோல்ட், 6.2 ஆம்பியர், வகுத்தால் 37 ஓம். ஆனால் வைண்டிங்கை மீட்டரில் அளந்தால் சில ஓம்தான் வந்தது. ஓடும் மோட்டாரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் தடை மட்டுமில்லை. அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பதும் நேரடி வாட் ஆகாது. அதில் உண்மையில் வாட்டாகும் பங்கான பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும்.

டி.பி.க்கும் ஹீட்டருக்கும் நடுவே

ஹீட்டர் அணைந்திருக்கும்போது டி.பி.யில் 232 வோல்ட். ஓடும்போது 229. இந்த 3 வோல்ட் தெரு லைன், சர்வீஸ் வயர், மீட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்வது, அசாதாரணம் இல்லை. ஆனால் டி.பி.யில் 229 இருக்க, ஹீட்டரில் 218. நடுவே 11 வோல்ட் போய்விட்டது.

அது வயரிலேயே போயிருக்கலாமா? டி.பி.யிலிருந்து சாக்கெட் வரை பைப் போகும் வழியில் டேப் வைத்து அளந்தால் 16 மீட்டர். போகவர 32 மீட்டர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். ஆக 0.237 ஓம். 8.3 ஆம்பியருக்கு 2 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. ஹீட்டரின் ஒன்றரை மீட்டர் கார்டு இன்னொரு 0.3 வோல்ட் எடுக்கும். எல்லாம் சேர்த்து 2.3 வோல்ட் இறங்க வேண்டிய இடத்தில் 11 இறங்கியிருக்கிறது. லைன் முழுக்கவே 1 ஸ்கொயர் வயரில் இழுத்திருந்தாலும் கிலோமீட்டருக்கு 18.1 ஓம் என்று 5 வோல்ட்டைத் தாண்டாது. வயர் மெலிசு என்பது இந்த எண்ணுக்குப் போதாத விளக்கம்.

மிச்சம் 8.7 வோல்ட். அதை 8.3 ஆம்பியரால் பெருக்கினால் 72 வாட். இந்த 72 வாட் சுவருக்குள்ளோ பெட்டிக்குள்ளோ எங்கோ வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

11 வோல்ட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தது

டி.பி.யில் ஒரு முறை, மாடியில் ஒரு முறை அளந்து கழிப்பது முதலில் தோன்றும் வழி. அதில் ஒரு தவறு நடந்தது. கீழே 229 என்று குறித்துக்கொண்டு மேலே போய் அளந்தபோது 216 வந்தது, வித்தியாசம் 13. திரும்ப வந்து பார்த்தால் டி.பி.யிலேயே 227. நடந்துபோகும் நேரத்தில் தெரு வோல்டேஜ் இரண்டு இறங்கியிருந்தது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணைக் கண்டுபிடித்தால் இப்படித்தான் தடம் மாறும்.

அதனால் வழியை மாற்றினார்கள். 20 மீட்டர் ஒற்றை வயர் ஒன்றின் நுனியை டி.பி.யில் நியூட்ரல் வயர்கள் சேரும் நியூட்ரல் பாரில் முதலைக் கிளிப்பால் கவ்வி, மறுநுனியை மீட்டரின் ஒரு முனையில் சேர்த்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். மீட்டரின் இன்னொரு முனை ஹீட்டரின் நியூட்ரல் டெர்மினலில். மீட்டர் ஏ.சி. வோல்ட்டில். இப்போது மீட்டர் காட்டுவது அந்த நியூட்ரல் பாதையில் மட்டும் இறங்கும் வோல்ட். மீட்டருக்குள் போகும் மின்னோட்டம் அற்பம் என்பதால் நீள வயரின் தடை இந்த அளவைக் கெடுக்காது. நியூட்ரல்தானே என்று கை வைக்கக் கூடாது. நடுவில் இணைப்பு விட்டுப்போனால் ஹீட்டர் பக்கத்து நியூட்ரல் முழு 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். கிளிப்புகளை மாட்டுவதும் எடுப்பதும் ஒவ்வொரு முறையும் எம்.சி.பி.யையும் டி.பி.யின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டே நடந்தது.

நியூட்ரல் பாதையில் 9.0 வோல்ட். அதேபோல் ஃபேஸ் பாதையில், எம்.சி.பி. வெளிமுனையிலிருந்து ஹீட்டர் வரை, சுவிட்சும் சேர்த்து 2.0. கூட்டினால் 11. கணக்கு மூடிக்கொண்டது.

நியூட்ரலை மேலும் பிரிக்க ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார்கள். ஐந்து கறுப்பு வயர்களைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் பிசின் கசிந்து, தொட்டால் பொடிந்தது. வயரின் இன்சுலேஷன் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி விறைத்திருந்தது. டி.பி.யிலிருந்து வரும் வயர் 2.5 ஸ்கொயர், சாக்கெட்டுக்குப் போவதோ லைட் லைனுக்கு இழுத்த 1 ஸ்கொயர். இரு பக்கமும் கிளிப் மாட்டி, மின்சாரம் கொடுத்து அளந்தபோது வந்தவை:

நியூட்ரல் பாரிலிருந்து முறுக்கு வரை, 10 மீட்டர்: 0.7 வோல்ட்.
முறுக்கின் குறுக்கே: 3.9 வோல்ட்.
முறுக்கிலிருந்து சாக்கெட் டெர்மினல் வரை, 6 மீட்டர்: 1.0 வோல்ட்.
சாக்கெட் டெர்மினலிலிருந்து ப்ளக் டாப்பின் உள் டெர்மினல் வரை: 3.2 வோல்ட்.
ஹீட்டர் கார்டு: 0.2 வோல்ட்.

முறுக்கின் தடை 3.9 ÷ 8.3 = 0.47 ஓம், அதில் எரியும் திறன் 3.9 × 8.3 = 32 வாட். ப்ளக் பின்னில் 0.39 ஓம், 27 வாட். ரேடியோ ரிப்பேர் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஒன்றை ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் இன்னொன்றைச் சாக்கெட்டுக்குள்ளும் சொருகி வைத்தது போலத்தான் அந்த லைன் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. 2.5 ஸ்கொயரில் இழுத்திருந்தால் 32 மீட்டர் வயரும் சேர்ந்து 16 வாட் எரித்திருக்கும், ஆனால் மீட்டருக்கு அரை வாட்; கையில் பிடித்தால் சூடே தெரியாது. இங்கே 32 வாட் விரல் நுனியளவு முறுக்கில். வீட்டு வயரின் பி.வி.சி. உறை தாங்கும் வெப்பம் 70 டிகிரி.

ஏன் எதுவும் ட்ரிப் ஆகவில்லை

எம்.சி.பி. மின்னோட்டம் கூடினால்தான் விழும். இந்தப் பழுது மின்னோட்டத்தைக் குறைத்தது. நல்ல லைனில் 8.6 ஆம்பியர் ஓட வேண்டியது 8.3 ஓடியது. ஆர்.சி.சி.பி. கசிவைப் பார்க்கும், இங்கே போனது அப்படியே திரும்பி வந்தது. டெஸ்ட் லேம்ப் 60 வாட் பல்பு, இழுப்பது 0.26 ஆம்பியர். அந்த இரண்டு கெட்ட இணைப்புகளிலும் சேர்த்து அதற்கு இறங்குவது 0.22 வோல்ட், பல்பு நன்றாகவே எரியும். மீட்டரின் பீப் சில பத்து ஓம் வரைக்கும் ஒலிக்கும், அரை ஓமை அது பிடிக்காது. முன்பு வந்தவரின் ஒவ்வொரு சோதனையும் சரியாகவே நடந்தது. லோடு ஓடும்போது வோல்ட் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அளக்காததால் ஒன்றிலும் விடை வரவில்லை.

சாக்கெட் திரும்பத் திரும்ப உருகியதற்குப் பழைய ப்ளக் டாப்தான் காரணம். கறுத்த பின்னைப் புதுச் சாக்கெட்டில் சொருகினால் தடை முதல் நாளிலிருந்தே உண்டு. சூட்டில் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை விறைப்பை இழக்கும், பிடி தளரும், தடை ஏறும், சூடு மேலும் ஏறும். முறுக்கிய இணைப்பிலும் அதே சுழல். செம்பு சூட்டில் ஆக்சைடு படிந்து கறுக்கும். ஹீட்டர் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கி முறுக்கு தளரும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே ஹீட்டர் எம்.சி.பி.யை அணைத்து, அதன் வெளிமுனையிலிருந்து ஃபேஸ் வயரைக் கழற்றி மூடினார்கள். மார்கழிக் காலையில் வெந்நீர் வேண்டும், ஒரு நாள் ஓட்டிக்கொள்ளட்டுமா என்று வீட்டார் கேட்டார்கள். பொடிந்த டேப்பைப் பார்த்த பிறகு அதற்கு இணங்க முடியவில்லை. இரண்டு நாளும் அடுப்பில்தான் தண்ணீர் காய்ந்தது.

ஸ்டெபிலைசர் யோசனையைக் கணக்கைக் காட்டியே விலக்கினார்கள். அது ஹீட்டருக்கு 230 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் லைனிலிருந்து 9.3 ஆம்பியர் இழுக்கும். முறுக்கில் எரிவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 9.3 × 9.3 × 0.47 = 41 வாட். வெந்நீர் சற்று சீக்கிரம் வரும், பெட்டி இன்னும் சீக்கிரம் எரியும்.

முறுக்கைச் சுத்தம் செய்து மறுபடி முறுக்குவது மலிவான வழி. சூட்டில் விறைத்த இன்சுலேஷன் அப்படியே இருக்கும் என்பதாலும், 1 ஸ்கொயர் வயருக்கு முன்னால் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருப்பது தவறு என்பதாலும் அதை விட்டார்கள். டி.பி.யிலிருந்து சாக்கெட் வரை நடுவில் இணைப்பே இல்லாமல் 2.5 ஸ்கொயர் நியூட்ரல் புதிதாக இழுத்தார்கள். பழைய ஃபேஸ் வயரையே இழுகம்பியாக வைத்து, ஃபேஸும் சேர்த்துப் புதியதாக்கியதில் வேலை சுலபமானது. லைட் நியூட்ரல் தனியாகப் பிரிந்தது. அதன் பழுத்த நுனிகளை வெட்டி, ஸ்க்ரூ கனெக்டரில் சேர்த்தார்கள். சாக்கெட், ப்ளக் டாப் இரண்டும் ஒன்றாக மாறின. ஹீட்டர் கார்டின் நுனியில் செம்பு இழைகள் கறுத்திருந்ததால், பளபளப்பான செம்பு வரும்வரை ஒரு விரல்நீளம் வெட்டி, நுனியில் லக் என்னும் உலோக முனையைப் போட்டு அழுத்தி, டெர்மினலில் இறுக்கினார்கள். இழைகளை வெறுமனே முறுக்கி ஸ்க்ரூவில் வைத்தால் பாதி இழைகள் வெளியே ஒதுங்கிவிடும்.

பின்னர் நடந்தது

வேலை முடிந்த மாலை டி.பி.யில் 228.6 வோல்ட், ஹீட்டரில் 225.9, மின்னோட்டம் 8.6 ஆம்பியர். மின்திறன் 1943 வாட். லைனில் இறங்கியது 2.7 வோல்ட், ஃபேஸில் 1.5, நியூட்ரலில் 1.2. அரை மணி ஓடிய பிறகு ப்ளக்கை உருவிப் பின்னைத் தொட்டால் வெதுவெதுப்புக் கூட இல்லை. லைட் மினுக்கலும் நின்றது.

முதல் புகாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 15 லிட்டரை 26 டிகிரியிலிருந்து 58க்கு ஏற்ற 2009 கிலோஜூல் வேண்டும். 1809 வாட்டில் 18.5 நிமிடம், 1943 வாட்டில் 17.2 நிமிடம். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அதே பழுதான லைனில், சித்திரையில் 30 டிகிரித் தொட்டித் தண்ணீர் 16 நிமிடத்தில் காயும். மார்கழி விடியலில் 21 டிகிரித் தண்ணீருக்கு 21 நிமிடம் ஆகும். வீட்டார் உணர்ந்த தாமதம் பெரும்பாலும் குளிரால் வந்தது. காயிலை மாற்றிய செலவு வீண். கரன்ட் பில்லும் எதையும் சொல்லியிருக்காது: அந்த 72 வாட் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 2.2 யூனிட்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் சாக்கெட் உருகிய அன்றே ப்ளக் பின்னைப் பார்த்திருக்க வேண்டும், லோடில் வோல்ட் இறக்கத்தை அளந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருபது நிமிடம் போதும்.

இந்த ஆய்வில் வந்தவர்கள் செய்ததிலும் ஒரு பிழை உண்டு. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து அளந்தபோது ஹீட்டரைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிட்டார்கள். பொடிந்த இன்சுலேஷன் இருக்கும் பெட்டியில் அது அபாயம். எல்லாக் கிளிப்புகளையும் முன்கூட்டி மாட்டி வைத்திருந்தால் ஓர் அளவுக்கு ஒரு நிமிடம் ஓட்டி அணைத்திருக்கலாம். கழற்றிய முறுக்கையும் ப்ளக்கையும் வீட்டாருக்குக் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டதும் சரியில்லை. அடுத்து வருபவருக்கு அது நல்ல சாட்சி. அதே காலத்தில் அதே கையால் போட்ட மற்ற ஜங்ஷன் பாக்ஸ்களை அன்றே திறந்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தார்கள், ஏ.சி. லைனிலும் நியூட்ரல் முறுக்கு ஒன்று நிறம் மாறத் தொடங்கியிருந்தது, அதையும் மாற்றினார்கள்.

டி.பி. மூடியின் உள்பக்கம் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ஹீட்டர் லைன், 8.6 ஆம்பியரில் 2.7 வோல்ட், தேதி. ஆறு மாதம் கழித்து டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்க வந்தபோது 8.5 ஆம்பியரில் 2.8 வோல்ட் வந்தது. 0.31 ஓமாக இருந்தது 0.33 ஆகியிருக்கிறது, மீட்டரின் துல்லியத்துக்குள்ளேயே அடங்கும் மாற்றம். அதையும் சீட்டில் கீழே எழுதி வைத்தார்கள்.